தொடர்வதா, நிறுத்துவதா: கடும் மூளைச் சேதமுற்ற குழந்தைகளும் மருத்துவ அறமும்

பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பெரிதும் சேதமடைந்த குழந்தை, மூளைக்குள் இரத்தம் கசிந்த குறைமாதக் குழந்தை, நீரில் மூழ்கியோ விபத்தில் அடிபட்டோ நினைவு திரும்பாமல் கிடக்கும் சிறுவன். இவர்களுக்கான சிகிச்சையை எதுவரை கொண்டுசெல்வது, எப்போதாவது நிறுத்தலாமா என்ற கேள்வி மருத்துவத்துக்கு வயதில் இளையது. 1950க்கு முன்னால் அது எழுவதற்குப் பெரும்பாலும் வழியில்லை. மூச்சு நின்ற குழந்தை சில நிமிடங்களில் இறந்துவிடும். மருத்துவரின் முடிவுக்காக எதுவும் காத்திருக்கவில்லை.

காத்திருக்கும் நிலையை உண்டாக்கியது 1952இல் டென்மார்க்கைத் தாக்கிய போலியோ. கோபன்ஹேகனின் பிளெக்டம் மருத்துவமனையில் மூச்சுத்தசைகள் செயலிழந்து நோயாளிகள் அடுத்தடுத்து இறந்தபோது, மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன் ஆகஸ்ட் மாதத்தில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டு, குழாய் செருகி, இரப்பர்ப் பையை அழுத்திக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். அதன்பின் ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, மாதக்கணக்கில், இரவும் பகலும் கையாலேயே பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சு கொடுத்தனர். பிறகு கைகளின் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவும் வென்டிலேட்டரும் இந்த வழியில் வந்தவை.

போலியோ நோயாளிக்கு மூச்சுதான் போயிருந்தது, மூளை தெளிவாக இருந்தது. அதே இயந்திரம் மூளை அழிந்தவர்களுக்கும் பொருத்தப்பட்டபோது முன்பு யாரும் காணாத ஒரு நிலை தோன்றியது. மார்பு ஏறி இறங்கும், இதயம் துடிக்கும், உடலில் சூடு இருக்கும், ஆனால் மூளை எதற்கும் அசையாது. 1957 நவம்பரில் மயக்க மருந்து நிபுணர்கள் இதுபற்றிக் கேட்ட கேள்விக்குப் பதிலளித்த போப் பன்னிரண்டாம் பயஸ், சாதாரண வழிகளைக் கையாள்வதே கடமை என்றும், அளவுமீறிய சுமையைத் தரும் வழிகளைத் தொடரும் கட்டாயம் இல்லை என்றும் சொன்னார். கத்தோலிக்க மருத்துவமனைகளுக்கு வெளியிலும் நீண்டகாலம் வழிகாட்டிய பதில் அது. 1959இல் பாரிஸின் மருத்துவர்கள் மொல்லாரேயும் குலோனும் கோமாவையும் கடந்த இந்த நிலையை 23 நோயாளிகளைக் கொண்டு விவரித்தார்கள். 1968இல் ஹார்வர்டு குழு மூளைச்சாவுக்கு அளவுகோல் வகுத்தது. குழந்தைகளுக்கென்று தனி நெறி வர 1987 ஆயிற்று. வளரும் மூளை சேதத்தைத் தாங்கும் விதம் வேறு என்பதால், வயது குறையக் குறைய இரு பரிசோதனைகளுக்கிடையே கூடுதல் நேரம் விடச் சொன்னது அந்த அமெரிக்க நெறி. பிறந்து ஏழு நாள் ஆகாத குழந்தைகளை அது முற்றிலும் விலக்கி வைத்தது.

மூளைச்சாவு ஒருவகையில் எளிய பகுதி. அது மரணம் என்று ஒப்புக்கொண்டபின் இயந்திரத்தை நிறுத்துவதில் பெரும்பாலான மருத்துவர்களுக்கு அறச்சிக்கல் இருக்கவில்லை. சிக்கல் அதற்கு இப்பால் இருந்தது. மூளையின் பெரும்பகுதி போனபின்னும் மூளைத்தண்டு வேலை செய்யும் குழந்தை சாகவில்லை. சில நாளில் தானே மூச்சுவிடும், கண் திறக்கும், வலி தெரிந்தால் முகம் சுளிக்கும். நடக்காது, பேசாது, ஒருவேளை தாயை அடையாளம் காணவும் செய்யாது. இந்த வரலாறு முழுக்க அந்தக் குழந்தையைப் பற்றியது.

1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்த மகன் நுரையீரல் முதிராமல் இரண்டே நாளில் இறந்தான். அன்று உலகின் மிகச் சிறந்த மருத்துவமனையாலும் காப்பாற்ற முடியாத நோய் அது. 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி நுரையீரலைத் தொடர் காற்றழுத்தத்தால் விரித்துவைக்கும் முறையைக் கொண்டுவந்தபின் அத்தகைய குழந்தைகள் பிழைக்கத் தொடங்கின. நுரையீரல் பிழைத்தபோது மூளையின் காயங்கள் கண்ணில் பட்டன. 1970களின் இறுதியில் சி.டி. ஸ்கேனும், பிறகு குழந்தையின் படுக்கையருகிலேயே வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்டும் மூளைக்குள் கசிந்த இரத்தத்தை நான்கு படிநிலைகளாகப் பிரித்துக் காட்டின. மரணம் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்த மருத்துவர்கள், பிழைத்தால் இந்தக் குழந்தையின் வாழ்க்கை எப்படியிருக்கும் என்று கேட்கலானார்கள்.

அந்தக் கேள்விக்கு அவர்கள் அதுவரை மூடிய கதவுகளுக்குள்தான் பதில் சொல்லிவந்தார்கள். பிரசவ அறையிலேயே சில குழந்தைகளுக்கு மூச்சு கொடுக்காமல் விடுவதும், தாயிடம் குழந்தை இறந்தே பிறந்தது என்று சொல்லிவிடுவதும் பல நாடுகளில் நடந்தன. யாரும் எழுதவில்லை. 1973 அக்டோபரில் அதை எழுதியவர்கள் யேல்-நியூ ஹேவன் மருத்துவமனையின் ரேமண்ட் டஃப், ஏ.ஜி.எம். கேம்ப்பெல் என்ற இரு குழந்தை மருத்துவர்கள். 1970 ஜனவரி முதல் 1972 ஜூன் வரை தங்கள் சிறப்புக் கவனிப்புப் பிரிவில் நேர்ந்த 299 மரணங்களில் 43, அதாவது 14 விழுக்காடு, சிகிச்சையை நிறுத்தியதாலோ தொடங்காததாலோ நேர்ந்தவை என்று 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அறிவித்தார்கள். ஒவ்வொன்றிலும் பெற்றோருடன் பேசியே முடிவெடுத்ததாகவும், பெற்றோரும் மருத்துவரும் சேர்ந்து எடுக்கும் முடிவுக்குச் சட்டம் இடம்தர வேண்டுமென்றும் வாதிட்டார்கள்.

எழுந்த கண்டனம் கடுமையானது. ஊனமுற்ற குழந்தைகளைச் சாகவிடுவதை மருத்துவர்கள் நியாயப்படுத்துகிறார்கள் என்றார்கள் எதிர்த்தவர்கள். அந்தக் கண்டனத்தில் உண்மை உண்டு. 43 பேரில் சிலருடைய குறை இன்றைய அளவுகோலில் சாவுக்குக் காரணமாகாது. ஆனாலும் அந்தக் கட்டுரையின் பெறுமதி அதன் முடிவுகளில் இல்லை, மறைக்காததில் இருக்கிறது. ஒரு பழக்கத்தை எண்ணிக்கையோடு பொதுவில் வைத்தபின்தான் அதைச் சரி என்றோ தவறு என்றோ வாதிட முடிகிறது. டஃபும் கேம்ப்பெலும் தங்கள் பெயரைப் போட்டுத் தங்கள் வார்டைத் திறந்து காட்டினார்கள்.

அடுத்த ஆண்டே இயேசு சபைப் பாதிரியாரும் அறவியல் அறிஞருமான ரிச்சர்ட் மெக்கார்மிக் மருத்துவர்கள் பிடித்துக்கொள்ளக்கூடிய ஓர் அளவுகோலை முன்வைத்தார். மனித உறவுகொள்ளும் ஆற்றல் குழந்தைக்குச் சிறிதும் இல்லையென்றாலோ, பிழைப்பதற்கான போராட்டத்திலேயே அந்த ஆற்றல் முழுதும் மூழ்கிவிடும் என்றாலோ, உயிரை நீட்டிக்கும் கடமை அங்கே முடிகிறது என்றார் அவர். பின்னாளில் மூளைச்சேதம் குறித்து எழுதப்பட்ட பல மருத்துவ நெறிகளின் அடியில் இந்த எண்ணம் இருக்கிறது. 1975இல் தத்துவ அறிஞர் ஜேம்ஸ் ரேச்சல்ஸ் எதிர்த்திசையிலிருந்து ஒரு கேள்வி எழுப்பினார். உணவு கொடுக்காமல் நாட்கணக்கில் சாகவிடுவது சரியென்றால், உடனடியாக வலியின்றி முடிப்பது மட்டும் எப்படித் தவறாகும்? பெரும்பாலான மருத்துவர்கள் அந்த வாதத்தை ஏற்கவில்லை. சாகவிடுவதற்கும் சாகடிப்பதற்கும் நடுவே ஒரு கோடு உண்டென்ற நம்பிக்கையில்தான் அவர்களுடைய மனசாட்சி நின்றது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் இந்த வரலாற்றில் தனி இடம் பெறுகிறது. தண்டுவடம் மூடாமல் பிறக்கும் ஸ்பைனா பைஃபிடா குழந்தைகளில் பலருக்கு மூளைக்குள் நீர் தேங்கித் தலை பெருக்கும். 1956இல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் ஜான் ஹோல்டர் என்ற இயந்திரத் தொழிலாளி, அந்நோயுடன் பிறந்த தன் மகனுக்காக நீரை வடிக்கும் வால்வு ஒன்றை வடிவமைத்தார். அந்த வால்வு வந்தபின் ஷெஃபீல்டில் இத்தகைய குழந்தைகள் எல்லோருக்கும் பிறந்த முதல் நாளிலேயே அறுவைச் சிகிச்சை செய்யும் வழக்கம் ஏற்பட்டது. அங்கு பணியாற்றிய குழந்தை மருத்துவர் ஜான் லார்பர் 1971இல் 524 குழந்தைகளின் கதியைத் தொகுத்துப் பார்த்தார். பலர் இறந்திருந்தார்கள். பிழைத்தவர்களில் கணிசமானோர் பல அறுவைகளுக்கு ஆளாகி, கடும் ஊனத்தோடு வாழ்ந்தார்கள். கால்கள் முழுதும் செயலிழந்திருத்தல், பிறக்கும்போதே தலை மிகப் பெருத்திருத்தல், முதுகெலும்பு வளைந்திருத்தல் போன்ற அறிகுறிகள் உள்ள குழந்தைகளுக்கு அறுவை செய்யாமல் விடலாம் என்று அவர் முடிவு கட்டினார். பிரிட்டனின் பல மருத்துவமனைகள் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டன. தேர்ந்தெடுக்கப்படாத குழந்தைகளில் பெரும்பாலோர் சில மாதங்களுக்குள் இறந்தார்கள்.

அதே நகரில், அதே குழந்தைகளுக்கு அறுவை செய்த ஆர்.பி. ஸகாரி இதை ஏற்கவில்லை. சிகிச்சை இல்லாமல் விட்டதால் மட்டும் குழந்தைகள் சாகவில்லை, தூக்க மருந்து கொடுத்து, பசித்து அழவிடாமல் செய்வதால்தான் இறக்கிறார்கள் என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். இதற்கு மேலும் ஒரு திருப்பம் உண்டு. கருணைக்கொலையைச் சட்டமாக்குவதை எப்போதும் எதிர்த்த லார்பர், 1980 வாக்கில் வேறொரு செய்திக்காகப் பேசப்பட்டார். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறிய, நுண்ணறிவு ஈவு 126 உடைய மாணவர் ஒருவரின் ஸ்கேனில் மண்டையோட்டின் பெரும்பகுதியை நீரே நிரப்பியிருந்ததாக அவர் தெரிவித்தார். மூளைத்திசு எவ்வளவு குறைந்திருந்தது என்பதில் மற்ற நரம்பியல் மருத்துவர்கள் அவருடன் உடன்படவில்லை. அந்த மறுப்பைக் கணக்கில் கொண்டாலும் ஒன்று மிஞ்சுகிறது. பிறந்த நாளின் அறிகுறிகளைக் கொண்டு குழந்தையின் எதிர்காலத்தை எழுதிய அதே மருத்துவர், மூளையின் படத்தை வைத்து மனிதரைக் கணிக்க முடியாது என்பதற்கும் சான்று தந்தார். இத்துறையின் மாறாத பலவீனம் இந்தக் கணிப்புதான்.

1981 நவம்பரில் கேள்வி கொலைக்குற்றச்சாட்டாக நீதிமன்றம் ஏறியது. டார்பி நகரின் மதிப்புமிக்க குழந்தை மருத்துவர் லெனர்ட் ஆர்தர், டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்து பெற்றோரால் மறுக்கப்பட்ட ஓர் ஆண் குழந்தைக்குச் செவிலியர் கவனிப்பு மட்டும் போதுமென்று எழுதி, டைஹைட்ரோகோடீன் என்ற மருந்தையும் கொடுக்கச் சொல்லியிருந்தார். மூன்று நாளில் குழந்தை இறந்தது. மருத்துவமனைப் பணியாளர் ஒருவர் கருக்கலைப்பு எதிர்ப்பு அமைப்பொன்றுக்குத் தகவல் கொடுக்க, வழக்கு வந்தது. குழந்தைக்கு வேறு உள்ளுறுப்புக் கோளாறுகளும் இருந்ததைப் பிரேதப் பரிசோதனை காட்டியதால் குற்றச்சாட்டு கொலைமுயற்சியாகக் குறைக்கப்பட்டது. மருத்துவத் துறையின் மூத்தவர்கள், ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் தலைவர் டக்ளஸ் பிளாக் உட்பட, ஆர்தருக்காகச் சாட்சி சொன்னார்கள். நடுவர் குழு அவரை விடுவித்தது. அந்த விடுதலையைப் பல மருத்துவர்கள் நிம்மதியோடு வரவேற்றார்கள். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில், டவுன் சிண்ட்ரோமும் குடலடைப்பும் உள்ள ஒரு பெண் குழந்தைக்கு, பெற்றோர் மறுத்தபோதும், அறுவை செய்ய இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. பெற்றோரின் விருப்பமும் மருத்துவரின் இசைவும் சேர்ந்தாலே போதும் என்ற காலம் அங்கே முடியத் தொடங்கியது.

கடும் மூளைச்சேதத்துக்கு நேரடியாகப் பொருந்தும் தீர்ப்பு 1990இல் வந்தது. 27 வாரத்தில் பிறந்த ஓர் ஆண் குழந்தையின் மூளை பெரிதும் சிதைந்திருந்தது. கைகால் செயலிழக்கும், பார்வையும் பெரும்பாலும் செவியும் இராது, பேச்சு வராது என்று மருத்துவர்கள் கணித்தார்கள். ஆனால் வலி மட்டும் மற்றக் குழந்தைகளைப் போலவே தெரியும். அவன் சாகும் தறுவாயிலும் இல்லை. மறுபடி மூச்சு நின்றால் வென்டிலேட்டரில் வைக்க வேண்டியதில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. அந்த வாழ்க்கை பிறர் கண்ணுக்கு எப்படியிருக்கும் என்று பார்க்காமல், அந்தக் குழந்தையின் நிலையிலிருந்தே அது தாங்கமுடியாததா என்று பார்க்க வேண்டும் என்றது தீர்ப்பு. பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர்கள் அன்றுமுதல் குழந்தையின் நலன் என்ற ஒரே அளவுகோலில் பேசக் கற்றார்கள். ஒருவருக்கு வாழ்ந்து பார்த்த வேறு வாழ்க்கையே இல்லாதபோது அவருடைய நிலையில் நின்று பார்ப்பது எப்படி என்ற கேள்வி மட்டும் எந்தத் தீர்ப்பாலும் தீரவில்லை.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1982 ஏப்ரலில் இண்டியானா மாநிலத்தின் புளூமிங்டனில் டவுன் சிண்ட்ரோமும் உணவுக்குழாய் அடைப்பும் உள்ள குழந்தையொன்று, பெற்றோர் அறுவையை மறுக்க, நீதிமன்றமும் அதை ஏற்க, ஆறே நாளில் இறந்தது. அதிபர் ரீகனின் அரசு அதை ஊனமுற்றோருக்கு எதிரான பாகுபாடாகக் கண்டது. மருத்துவமனைச் சுவர்களில் அறிவிப்பு ஒட்டி, யாரும் புகார் செய்ய இலவசத் தொலைபேசி எண்ணும் கொடுக்கப்பட்டது. அப்போதைய சர்ஜன் ஜெனரல் எவரெட் கூப் தாமே குழந்தைகளுக்கான அறுவை நிபுணர். குழந்தைகளைக் காப்பாற்றிய பல்லாண்டு அனுபவத்தோடு அவர் இந்த விதிகளுக்கு ஆதரவாக நின்றார். நீதிமன்றங்கள் அந்த விதிகளைத் தள்ளுபடி செய்தன. 1984இல் குழந்தைகள் மீதான வன்கொடுமைச் சட்டத்தில் திருத்தமாக அவை மறுவடிவம் எடுத்தன. மீளாத கோமா, சிகிச்சை சாவைச் சிறிது தள்ளிப்போடுவதாக மட்டுமே இருத்தல், சிகிச்சை பயனற்றும் மனிதத்தன்மையற்றும் இருத்தல் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலொழிய சிகிச்சையை நிறுத்தக்கூடாது. அந்த நிலையிலும் உணவும் நீரும் மருந்தும் தொடர வேண்டும்.

இந்த விதிகளைப் பற்றி வார்டில் நிற்பவர்கள் என்ன நினைத்தார்கள் என்று லொரெட்டா கோபெல்மனும் உடன் ஆய்வாளர்களும் கேட்டார்கள். 1988இல் வெளியான அந்த ஆய்வில் பதிலளித்த 494 பச்சிளங்குழந்தை நிபுணர்களில் 76 விழுக்காட்டினர் விதிகள் தேவையற்றவை என்றார்கள். 66 விழுக்காட்டினர் பெற்றோரின் உரிமையில் அவை குறுக்கிடுவதாகவும், 60 விழுக்காட்டினர் குழந்தையின் துன்பத்துக்கு அவற்றில் இடமில்லை என்றும் கருதினார்கள். கடும் மூளைச்சேதமுற்ற குழந்தையின் முன்னால், சட்டத்துக்கு அஞ்சித் தாம் சரியென்று நம்பாத சிகிச்சையைத் தொடர்வதாக மருத்துவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். மருத்துவமனை அறக்குழுக்கள் பெருகியது இந்தப் பத்தாண்டில்தான். செவிலியர், சமூகப் பணியாளர், பாதிரியார், சட்டம் தெரிந்தவர் ஆகியோர் மருத்துவருடன் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள்.

துன்பம் என்ற சொல்லுக்கு அறிவியல் அடிப்படை கிடைத்ததும் அதே பத்தாண்டில்தான். பச்சிளங்குழந்தைக்கு வலி தெரியாது என்ற நம்பிக்கையில், பெயரளவுக்கு மயக்கம் கொடுத்தே அறுவை செய்யும் வழக்கம் அதுவரை பரவலாக இருந்தது. இந்தியாவில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்த கே.ஜே.எஸ். ஆனந்த் 1987இல் அதைத் தகர்த்தார். வலிநிவாரணி கொடுத்த குறைமாதக் குழந்தைகளின் உடல் அறுவையின் அதிர்ச்சியை எவ்வளவு நன்றாகத் தாங்குகிறது என்று அவர் அளந்து காட்டினார். மூளை சேதமடைந்த குழந்தைக்கும் வலி தெரியக்கூடும் என்ற புரிதல் இருபுறமும் வெட்டியது. துன்பத்தைக் காட்டி நிறுத்தச் சொன்னவர்களுக்கு அது வலுவூட்டியது. வலியை மருந்தால் ஆற்ற முடியும்போது எதற்குச் சாவு என்று கேட்டவர்களுக்கும் அது வலுவூட்டியது.

மருத்துவரின் அறம் மூளைப்படத்தைப் பொறுத்தது என்று யாராவது நம்பியிருந்தால், 2000இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு அந்த நம்பிக்கையைக் கலைத்திருக்கும். மரீனா குட்டீனியும் குழுவினரும் 122 பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1,235 மருத்துவர்களிடம் பெயர் குறிப்பிடாமல் கேட்டறிந்தார்கள். நரம்பியல் எதிர்காலம் மோசமென்பதால் சிகிச்சைக்கு வரம்பிட்டதாகச் சொன்னவர்கள் நாட்டுக்கு நாடு 46 முதல் 90 விழுக்காடு வரை வேறுபட்டார்கள். வென்டிலேட்டரை எடுத்ததாகச் சொன்னவர்கள் 28 முதல் 90 விழுக்காடு வரை. உயிரை முடிக்கும் நோக்கத்தோடு மருந்து கொடுத்ததாகக் கணிசமானோர் ஒப்புக்கொண்டது இரண்டே நாடுகளில்: பிரான்ஸில் 73 விழுக்காடு, நெதர்லாந்தில் 47 விழுக்காடு. மருத்துவரின் வயது, அனுபவம், வாழ்வில் மதத்துக்குத் தரும் இடம் ஆகியவை பதிலைப் பாதித்தன. அவற்றைக் காட்டிலும் அவர் எந்த நாட்டில் வேலை செய்கிறார் என்பதே பெரிதும் பாதித்தது. இதே ஆய்வின் இன்னொரு பகுதியில் ஹங்கேரி, எஸ்தோனியா, லித்துவேனியா, இத்தாலி மருத்துவர்கள் எந்நிலையிலும் உயிரைக் காப்பதன் பக்கம் சாய்ந்தார்கள். பிரிட்டன், நெதர்லாந்து, ஸ்வீடன் மருத்துவர்கள் வாழ்க்கையின் தரத்தின் பக்கம் சாய்ந்தார்கள். அதே பாடநூல்களைப் படித்தவர்கள், அதே ஸ்கேனைப் பார்க்கிறவர்கள். ஒரே காயமுள்ள குழந்தை ஓர் எல்லைக்கு இப்பால் இறந்து, அப்பால் பிழைத்திருக்கும் என்பது ஆழ்ந்த கவலைக்குரியது. பெற்றோரிடம் மருத்துவ உண்மை என்று சொல்லப்படுவதில் எவ்வளவு பங்கு சொல்பவரின் ஊர்வழக்கம் என்று கேட்கத் தூண்டும் எண்கள் இவை.

பிரிட்டனின் குழந்தை மருத்துவர் கல்லூரி 1997இல் முதல் தேசிய நெறியை வெளியிட்டது. சிகிச்சையை நிறுத்துவது பற்றிச் சிந்திக்கக்கூடிய ஐந்து நிலைகளை அது வகுத்தது: மூளைச்சாவு, நிரந்தர உணர்விழந்த நிலை, பிழைக்கும் வாய்ப்பே இல்லாத நிலை, பிழைத்தாலும் சுமை தாங்க இயலாத அளவு ஊனம் இருக்கும் நிலை, குழந்தையும் குடும்பமும் இனித் தாளமுடியாது என்னும் நிலை. 2015இல் திருத்தியபோது குழந்தைக்கு மிஞ்சியுள்ள வாழ்வின் அளவு, அதன் தரம், விவரமறிந்த குழந்தையின் சொந்த மறுப்பு என்ற மூன்று தலைப்புகளுக்குள் அதைச் சுருக்கினார்கள். நெறி எதுவும் கொல்வதை அனுமதிக்கவில்லை.

கணிப்பின் சிக்கல் பிறப்பு மூச்சுத்திணறலில்தான் மிகக் கூர்மையாகத் தெரியும். இத்தகைய குழந்தைகளின் நிலையை லேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்று 1976இல் சார்னட் இணையர் வகைப்படுத்தினார்கள். கடுமையான நிலையில் உள்ள குழந்தைக்கு வென்டிலேட்டர் தேவைப்படுவது பெரும்பாலும் முதல் சில நாள்கள்தான். பிறகு மூளைத்தண்டு விழித்து, குழந்தை தானே மூச்சுவிடத் தொடங்கும். இயந்திரத்தை நிறுத்திச் சாகவிடலாம் என்ற வாய்ப்பு அந்த நாள்களோடு முடிகிறது. குழந்தை எப்படி வளரும் என்று உறுதியாகத் தெரிய மாதங்கள் ஆகும். ஆக, முடிவெடுக்க வழியிருக்கும் நேரத்தில் தெளிவு இல்லை, தெளிவு வரும் நேரத்தில் வழி இல்லை. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பச்சிளங்குழந்தை மருத்துவரும் அறவியலாளருமான டோமினிக் வில்கின்சன் இந்த முரணை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கணிப்பு தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்ளும் ஆபத்தும் இங்கே உண்டு. மோசமான எம்.ஆர்.ஐ. உள்ள குழந்தைகளின் சிகிச்சை நிறுத்தப்படுவதால் அவர்கள் இறக்கிறார்கள். அந்த மரணங்கள் எம்.ஆர்.ஐ.யின் துல்லியத்துக்குச் சான்றாக அடுத்த ஆய்வில் ஏறுகின்றன.

2005இல் குழந்தையின் உடலை 33.5 டிகிரிக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைத்திருக்கும் முறை பயனளிப்பதாக நிறுவப்பட்டது. பணக்கார நாடுகளில் அது வழக்கமான சிகிச்சையாகி, பழைய கணிப்பு அட்டவணைகளைச் செல்லாமல் ஆக்கியது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் மருத்துவமனைகளில், சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவுகள் உட்பட, 408 குழந்தைகளிடம் அதைச் சோதித்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021இல் வேறு முடிவைச் சொன்னது. குளிர்வித்தவர்களில் 42 விழுக்காட்டினரும் குளிர்விக்காதவர்களில் 31 விழுக்காட்டினரும் இறந்தார்கள். ஒரு நாட்டின் அனுபவத்தை வைத்து இன்னொரு நாட்டுக் குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்வது எவ்வளவு பிசகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

நெதர்லாந்தின் வழி பெரும் சச்சரவை எழுப்பியது. ஸ்பைனா பைஃபிடாவும் மூளைநீரும் இருந்த பச்சிளங்குழந்தையின் உயிரை மருந்தால் முடித்ததற்காக மகப்பேறு மருத்துவர் ஹென்க் பிரின்ஸ் மீது 1995இல் வழக்கு நடந்தது. குற்றம் நடந்ததைக் கண்ட நீதிமன்றம் தண்டனை தரவில்லை. கடமைகள் மோதும் இக்கட்டில் அவர் செயல்பட்டதாக ஏற்றது. க்ரோனிங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையின் எட்வர்டு ஃபெர்ஹாகனும் பீட்டர் ஸவரும் அரசு வழக்கறிஞர்களோடு சேர்ந்து ஒரு நடைமுறை விதியை உருவாக்கி 2005இல் வெளியிட்டார்கள். நெதர்லாந்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன, சுமார் 1,000 குழந்தைகள் முதலாண்டில் இறக்கின்றன, அதில் சுமார் 600 மரணங்களுக்கு முன் சிகிச்சையை வரம்பிடும் முடிவு ஏதோவொன்று இருக்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். அந்த 600இல் மிகப் பெரும்பான்மை சிகிச்சையைத் தொடங்காமல் விட்டதோ நிறுத்தியதோதான். மருந்தால் முடித்ததாக ஏழாண்டுகளில் அரசுக்கு அறிவிக்கப்பட்டவை 22, எல்லாமே ஸ்பைனா பைஃபிடா. ஒன்றிலும் மருத்துவர் மீது வழக்குத் தொடரப்படவில்லை. நோய்க்கணிப்பு உறுதியாக இருக்க வேண்டும், துன்பம் மீளாததாகவும் தாங்கமுடியாததாகவும் இருக்க வேண்டும், சார்பற்ற மருத்துவர் ஒருவராவது உறுதிசெய்ய வேண்டும், பெற்றோர் இருவரும் இசைய வேண்டும், மருத்துவ முறைப்படி செய்ய வேண்டும் என்பவை அவர்கள் விதித்த நிபந்தனைகள்.

மிக ஆழமாகப் பாய்ந்த எதிர்ப்பு நெதர்லாந்துக்குள்ளிருந்தே வந்தது. ராட்டர்டாம் நரம்பியல் அறுவை மருத்துவர் ராப் தெ ஜாங், இந்தக் குழந்தைகளின் துன்பம் தணிக்க முடியாததல்ல என்றும், இந்நோயைக் காரணமாக்கியது தவறு என்றும் வாதிட்டார். பின்னர் எதிர்காலத் துன்பத்தை இன்றைய துன்பமாகக் கணக்கிட்டார்களா என்ற கேள்வியைச் சுற்றியே விவாதம் சுழன்றது. மருத்துவர்களுக்கு இருக்கும் நேர்மையான ஐயம் இதுதான்: வலிமருந்தும் குடும்பமும் அரவணைப்பும் உள்ள குழந்தையின் நாளைய துயரத்தை இன்று யார் எண்ணிவைக்க முடியும்? பிரிட்டனின் நஃபீல்டு உயிரியல் அறவியல் மன்றம் 2006இல் இதே கேள்வியை ஆராய்ந்து, உயிரை நேரடியாக முடிப்பதை மறுத்து, வலிதணிப்புக்கு முதலிடம் கொடுத்தது.

சாகவிடுவதற்கும் சாகடிப்பதற்கும் நடுவிலான அந்தக் கோட்டின் மீது நிற்கும் இன்னொரு சிக்கல் குழாய்வழி உணவு. தானே மூச்சுவிடும், ஆனால் விழுங்க முடியாத குழந்தைக்கு உணவுக்குழாய் மருத்துவமா, அல்லது தாய் ஊட்டுவதன் தொடர்ச்சியா? ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் மூளை அழிந்த இளைஞர் ஒருவர் வழக்கில் 1993இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை அதை மருத்துவம் என்று கருதியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2009இல் அரிதான நிலைகளில் குழந்தைகளுக்கும் அதை நிறுத்தலாம் என்றது. வென்டிலேட்டரை நிறுத்தத் தயங்காத பல மருத்துவர்கள் இங்கே தயங்குகிறார்கள். வென்டிலேட்டர் நின்றபின் வரும் சாவு மணிக்கணக்கில் வரும். உணவு நின்றபின் அது நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் நீளும், தாயும் செவிலியரும் அத்தனை நாளும் பக்கத்திலிருக்க வேண்டும்.

1970களிலும் 80களிலும் பெற்றோர் வேண்டாம் என்றார்கள், மருத்துவர் இசைந்தார், அரசு குறுக்கிட்டது. 2010க்குப் பின் சண்டையின் முகமே மாறியது. மருத்துவர்கள் நிறுத்தலாம் என்றார்கள், பெற்றோர் தொடரச் சொன்னார்கள். 2017இல் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையிலும் 2018இல் லிவர்பூலின் ஆல்டர் ஹே மருத்துவமனையிலும் இருந்த இரு ஆண் குழந்தைகளின் வழக்குகளில், சிகிச்சை குழந்தைகளின் நலனுக்கு உகந்ததல்ல என்ற மருத்துவர்களின் கருத்தை நீதிமன்றங்கள் ஏற்றன. வாட்டிகனும் அரசியல் தலைவர்களும் பெற்றோர் பக்கம் நின்றார்கள். மருத்துவப் பணியாளர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. 2019இல் மூளையில் இரத்தக்கசிவுக்கு ஆளான ஐந்து வயதுச் சிறுமியின் வழக்கில் நீதிபதி பெற்றோருக்கு இசைந்து, அவளை இத்தாலியின் ஜெனோவாவுக்குக் கொண்டுசெல்ல அனுமதித்தார். அவள் வலி உணரமாட்டாள் என்று மருத்துவர்கள் சொன்ன நிலையில், துன்பத்தைக் காட்டி நிறுத்தும் வாதத்துக்கு அங்கே அடித்தளம் இல்லாமல் போனது. ஐரோப்பிய ஆய்வின் எண்கள் சொன்னது இந்த வழக்கில் நேருக்கு நேர் தெரிந்தது: லண்டன் மருத்துவர்கள் முடிந்தது என்றதை ஜெனோவா மருத்துவர்கள் தொடர ஒப்புக்கொண்டார்கள்.

இந்தியாவில் இந்த விவாதம் பெரும்பாலும் வேறு கதவு வழியாகத் தீர்ந்துபோகிறது. கட்டணம் தாளாத குடும்பம் கையெழுத்துப் போட்டுக் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோகிறது. மருத்துவரின் ஆலோசனைக்கு மாறாகப் போனதாகப் பதிவேட்டில் எழுதப்படுகிறது. யேலில் 1973க்கு முன் இருந்த மௌனத்தின் இன்னொரு வடிவம் இது. வலிமருந்தும் உடன்வரும் செவிலியும் இல்லாமல் அந்தக் குழந்தை வீட்டில் சாவதை எந்த அறநெறியும் ஏற்காது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் சிகிச்சையை நிறுத்துவதற்கு நெறி வகுத்து, 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது. மூன்று மருத்துவர்கள் கொண்ட இரு குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், குடும்பம் இசைய வேண்டும், நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் குழந்தைகளுக்கான இறுதிக்காலக் கவனிப்பு குறித்து வெளியிட்ட வழிகாட்டுதலும், பெற்றோருடன் பேசுவதற்கும் வலிதணிப்புக்கும் முன்னிடம் தருகிறது.

பெல்ஜியம் 2014இல் கருணைக்கொலைச் சட்டத்தின் வயது வரம்பை நீக்கியது. ஆனால் தானே புரிந்து கேட்கக்கூடிய குழந்தைக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதால், கடும் மூளைச்சேதமுற்றவர்கள் அதற்குள் வரவில்லை. நெதர்லாந்தில் ஒரு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு வழியும், 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கருணைக்கொலைச் சட்டமும் இருக்க, இடையிலிருந்த குழந்தைகளுக்கு வழியில்லை என்று அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் நெடுநாள் முறையிட்டு வந்தார்கள். 2024 பிப்ரவரி முதல், மீளாத துன்பத்திலுள்ள ஒன்று முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கான விதி அங்கே நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு ஐந்து முதல் பத்துக் குழந்தைகள் அதன் கீழ் வரக்கூடும் என்று அரசு மதிப்பிட்டது. மருத்துவர் பெற்றோரோடு கலந்து, சார்பற்ற மருத்துவர் ஒருவரின் கருத்தையும் பெற்று, பிறகு ஆய்வுக் குழுவுக்கு அறிக்கை தர வேண்டும்.